முதல் வெளிநாட்டு ரேஸில் 18-வது இடம்: அதை எப்படிப் படிப்பது?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அக்கா மகனுக்கு வயது 19. இரண்டு வருடமாக தேசிய பைக் ரேஸ் சாம்பியன்ஷிப்பில் ஓட்டுகிறான், இரண்டு முறை முதல் மூன்றுக்குள் வந்து மேடை ஏறியிருக்கிறான். இந்த வருடம் முதல்முறையாக ஆசிய சாம்பியன்ஷிப்பில், தாய்லாந்தின் புரிராம் தடத்தில், 250 சிசி பைக்குகளுக்கான ஏபி250 பிரிவில் ஒரே ஒரு ரவுண்டுக்கு இடம் கிடைத்துப் போனான். முதல் ரேஸில் 22 பேரில் 18-வது, ஜெயித்தவனுக்கு 41 விநாடி பின்னால். இரண்டாவது ரேஸில் மூன்றாவது வளைவில் விழுந்துவிட்டான். "ஊரில் எல்லாரும் ‘பிளேன் ஏறிப் போய் கடைசியா வந்தான்’ என்கிறார்கள். அடுத்த வருடம் முழு சீசனும் ஓட்ட மூன்று மா நிலத்தை அடகு வைக்கலாமா, இல்லை பையனுக்கு அவ்வளவுதானா?" என்று எழுதியிருக்கிறார். பேச்சு நிலத்தைப் பற்றி இருந்தாலும், ஒரு தாய்மாமன் தெரிந்துகொள்ள நினைப்பது இதைத்தான்: முதல் வெளிநாட்டு ரேஸை வைத்து ஒரு பையனை எடை போட முடியுமா? அதை முதலில் பார்ப்போம், நிலத்துக்கு அப்புறம் வருகிறேன்.

நான் கும்பகோணத்துக்காரன். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் தடத்திலும் கோவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயிலும் பல வருடம் டீம் மெக்கானிக்காக வேலை பார்த்தவன். டீமோடு வெளிநாட்டு ரவுண்டுகளுக்கும் போனதுண்டு. ரேஸ் ஓட்டியவன் இல்லை. அதனால் வண்டி, டயர், ஒவ்வொரு சுற்றின் நேரமும் பதிவாகும் நேரத்தாள் இந்த மூன்றைப் பற்றியும் தைரியமாகப் பேசுவேன். பையனுக்கு உள்ளே என்ன ஓடுகிறது என்பதை தடத்தோரம் வண்டி பார்க்கும் இடமான பிட்டில் அவனோடு நின்றவர்கள்தான் சொல்ல வேண்டும்.

18-வது என்ற எண்ணை முதலில் ஓரமாக வையுங்கள். முதல் 15 பேருக்குத்தான் புள்ளி. 16-வது வந்தாலும் 22-வது வந்தாலும் பட்டியலில் ஒன்றுதான். (அவன் கடைசியும் இல்லை. ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் பயனில்லை, விடுங்கள்.) நீங்கள் போட்டிருக்கும் நேரத்தாளின் படம்தான் எனக்கு முக்கியம். முதல் பயிற்சியில் அவன் மிக வேகமானவனைவிட 5.8 விநாடி மெதுவாக இருந்தான். இரண்டாவது பயிற்சியில் 4.3. தகுதிச் சுற்றில் 3.4. ரேஸில் அவனுடைய சிறந்த லேப் (தடத்தை ஒரு முறை சுற்றும் நேரம்), ஜெயித்தவனின் சிறந்த லேப்பைவிட 2.7 விநாடி அதிகம், அதையும் பத்து லேப்பில் எட்டாவதில் எடுத்திருக்கிறான். இரண்டு நாளுக்குள் பாதிக்கு மேல் இடைவெளியை மூடியிருக்கிறான். எட்டாவது லேப்பில் சிறந்த நேரம் என்றால் கை தளரவில்லை, டயரை முன்கூட்டியே தின்றுவிடவில்லை, தனியாக ஓடியபோதும் கவனம் சிதறவில்லை. இவ்வளவும் அந்தத் தாளிலேயே இருக்கிறது.

அந்த 41 விநாடி எங்கே போனது என்று கூட்டிப் பாருங்கள். முதல் லேப்பில் மட்டும் 9 விநாடி. 2 முதல் 5 வரை லேப்புக்கு நாலு விநாடிக்குக் கொஞ்சம் மேல். 6 முதல் 10 வரை லேப்புக்குச் சுமார் 3. முதல் லேப்பில் 9 விநாடி போவது வேகம் இல்லாததால் வருவதில்லை, அது கூட்டத்துக்குப் பழகாதது. விளக்கு அணைந்ததும் இருபது வண்டி ஒரே வளைவுக்குள் நுழையும்போது, புதிதாக வந்தவன் இயல்பாகவே பிரேக்கைக் கொஞ்சம் முன்னாடி பிடிப்பான். அதில் ஐந்து பேர் உள்ளே நுழைந்துவிடுவார்கள். அப்புறம் முன்னால் போகும் கூட்டத்தின் காற்று மறைவு கைவிட்டுப் போய்விடும். 250 சிசி வண்டிகளில் இது பெரிய விஷயம். நீண்ட நேர்பாதையில் முன்னால் வண்டி இருந்தால் அது காற்றைக் கிழித்துக் கொடுக்கும், பின்னால் வருபவன் அதே எஞ்சினில் கூடுதல் வேகம் எடுப்பான். தனியாக ஓடுகிறவனுக்கு என் அனுபவத்தில் லேப்புக்கு ஒரு விநாடி, பெரிய தடங்களில் அதற்கு மேலும் சும்மாவே போய்விடும். ஆக, கூட்டத்தோடு ஒட்டியிருந்தால் அதே திறமைக்கு அவன் 25 விநாடி பின்னால் முடித்திருக்கலாம். அப்போதும் ஜெயித்திருக்க மாட்டான், ஆனால் ஊர்ப் பேச்சு வேறாக இருந்திருக்கும்.

புரிராம் நம் பையன்களுக்கு ஏன் கஷ்டம் என்பதையும் சொல்ல வேண்டும். இருங்காட்டுக்கோட்டை 3.717 கிலோமீட்டர், 12 வளைவு. புரிராமும் 12 வளைவுதான், ஆனால் நீளம் 4.554 கிலோமீட்டர். அதிகப்படியான நீளத்தில் பெரும்பங்கு முதல் பாதியின் நேர்பாதைகளில் இருக்கிறது. அதாவது முழு வேகத்தில் வந்து, கடைசி நொடியில் பிரேக் பிடித்து, இறுக்கமான வளைவுக்குள் திரும்ப வேண்டும். இதற்கு முன்சக்கரத்தின் மேல் ஒரு நம்பிக்கை வேண்டும், அது பழகப் பழகத்தான் வரும். ஏபி250 பிரிவில் எல்லோருக்கும் ஒரே கம்பெனி டயர்தான். வேறு டயரில் பழகியவன் அது எவ்வளவு பிடிக்கும் என்று அறியவே முதல் நாள் போய்விடும். பையன் முதல் பயிற்சி முடிந்து கழற்றிய முன்டயரைப் படம் எடுத்திருந்தால் பாருங்கள். ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் புதுசு போல மழமழவென்று ஒரு பட்டை இருக்கும், அதற்கு உள்ளே ரப்பர் சுருண்டு உருண்டையாக ஒட்டியிருக்கும். வண்டியை அவன் இன்னும் அந்த ஓரம் வரை சாய்க்கவில்லை என்று அர்த்தம். ரேஸுக்குப் பிறகான டயரில் அந்தப் பட்டை மெலிந்திருந்தால், அவன் கற்றுக்கொண்ட அளவு அதுதான். லேப் டைமைவிட நான் அதைத்தான் நம்புவேன்.

அவனுக்கு முன்னால் ஓடிய இந்தோனேசிய, தாய்லாந்து, மலேசியப் பையன்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அங்கே கையகல மினி பைக்கில் ஐந்தாறு வயதிலேயே ஏற்றிவிடுகிறார்கள். அப்புறம் நம் ஊர் ஸ்டெப்-த்ரூ வண்டி போன்ற அண்டர்போன் ரேஸ். மலேசியாவில் கப் ப்ரி என்ற பெயரில் 1994 முதல் நடக்கிறது. சின்னத் தடம், இருபது முப்பது வண்டி, கைப்பிடி கைப்பிடியோடு உரசும். அதிலேயே வளர்ந்தவனுக்கு முதல் வளைவில் கூட்டம் என்பது வீட்டு முற்றம். நம் பையன் ரேஸ் தடத்தில் கால் வைத்ததே 17 வயதில் என்று எழுதியிருக்கிறீர்கள். வயதில் ஒத்தவர்கள்தான், ஆனால் ரேஸ் அனுபவத்தில் அவர்கள் பத்து வருடம் மூத்தவர்கள். ஏபி250 பிரிவில் இந்தோனேசியர்கள் ஆதிக்கம் செலுத்துவது தற்செயலாக நடப்பதில்லை.

இப்போது அந்த விழுந்த விஷயம். இரண்டாவது ரேஸில் தொடக்கம் நன்றாக அமைந்து மூன்று பேருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனான், மூன்றாவது லேப்பில் மூன்றாவது வளைவில் முன்சக்கரம் வழுக்கியது என்கிறீர்கள். இதைப் படித்ததும் எனக்கு ஓரளவு பிடிபட்டுவிட்டது. அதுவரை அவன் அந்த வளைவுக்குத் தனியாகவே வந்திருக்கிறான். பிரேக் பிடிக்க ஓர் அடையாளம் வைத்திருப்பான், நூறு மீட்டர் பலகையோ, சுவரில் உள்ள விளம்பரமோ. அன்று மூன்று வண்டியின் காற்று மறைவில் வந்தபோது வேகம் கூடியிருக்கும், எதிர்க்காற்று மார்பில் மோதி வேகத்தைக் குறைக்கும் உதவியும் இருக்காது. அதே அடையாளத்தில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்காது. இன்னும் இறுக்கிப் பிடிப்பான், பிரேக்கை விடாமலே வளைவுக்குள் சாய்ப்பான், முன்டயர் இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் தாங்காமல் கைவிட்டுவிடும். கூட்டத்தோடு முதல்முறை ஓடும் பலர் இப்படித்தான் விழுகிறார்கள். பதினெட்டாவதாகத் தனியே ஓடியதைவிட, கூட்டத்தோடு போய் விழுந்த அந்த மூன்று லேப்பைத்தான் நான் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்வேன். வீடியோவைப் பார்க்காமல் சொல்கிறேன் என்பதையும் சேர்த்தே படியுங்கள். பின்னால் வந்தவன் தட்டியிருந்தாலோ, தடத்தில் எண்ணெய் இருந்திருந்தாலோ கதை வேறு.

உலக சாம்பியன் ஆன பெரிய ஆட்களின் முதல் ரேஸ் எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். மார்க் மார்க்கெஸ் 2008-இல் போர்ச்சுகலில் 125 சிசி உலகப் போட்டியில் அறிமுகமானபோது வந்தது 18-வது இடம்தான். ஹோர்ஹே லோரென்சோ 2002-இல் ஸ்பெயினின் ஹெரெஸில் அறிமுகமானார். 15 வயது நிரம்பாததால் வெள்ளிக்கிழமைப் பயிற்சிக்கே இறங்க முடியவில்லை, பிறந்தநாளன்றுதான் தடத்துக்கு வந்தார், 22-வது முடித்தார். வாலண்டினோ ரோஸி மட்டும் 1996-இல் மலேசியாவில் முதல் ரேஸிலேயே 6-வது. இந்தக் கதைகளை நான் அளவாகத்தான் நம்புவேன். 18-வது வந்து பிறகு சாம்பியன் ஆனவரின் பெயர் நமக்குத் தெரியும். 18-வது வந்து அப்படியே வீட்டுக்குப் போன நூற்றுக்கணக்கானவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. மார்க்கெஸ் அதே 2008-இலேயே பிரிட்டனில் மேடை ஏறிவிட்டார் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். முதல் ரேஸில் அவருக்கு இருந்த இடத்தைப் பார்க்காமல், அடுத்த சில மாதங்களில் அவர் ஏறிய வேகத்தைப் பாருங்கள்.

நம் பக்கமும் ஆட்கள் இல்லாமல் இல்லை. சென்னையின் சரத்குமார் 2011-இல் 125 சிசி உலக சாம்பியன்ஷிப்பில் இறங்கினார். 2023 செப்டம்பரில் நொய்டா அருகே புத் தடத்துக்கு மோட்டோஜிபி என்ற உலக பைக் சாம்பியன்ஷிப் வந்தபோது, அதன் 250 சிசி பிரிவான மோட்டோ3-இல் சென்னையின் கே.ஒய். அகமதுக்கு வைல்டு கார்டு, அதாவது அந்த ஒரு ரவுண்டுக்கு மட்டும் இடம், கிடைத்தது. மண், மணல் ராலியில் கதை இன்னும் மேலே போயிருக்கிறது: 2015-இல் சி.எஸ். சந்தோஷ், பாலைவனத்தில் பல நாள் ஓடும் டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியர், 36-வது இடம். 2024-இல் ஷொரணூர்க்காரர் ஹரித் நோவா அதே டக்காரில் உச்சப் பிரிவுக்கு அடுத்ததான ராலி2 பிரிவையே ஜெயித்தார், மொத்தத்தில் 11-வது. அவரும் 2020-இல் முதல்முறை போனவர்தான். இவர்களில் பெரும்பாலோரை ஒரு கம்பெனி டீமோ ஸ்பான்சரோ தாங்கிப் பிடித்திருக்கிறது. சொந்த நிலத்தை வைத்துத் தொடர்ந்து ஓட்டி மேலே வந்தவரை நான் பார்த்ததில்லை.

உறுதியாகத் தெரிந்தது இதுவரை. இனி சந்தேகம். 5.8-லிருந்து 2.7-க்கு வந்தது நல்ல விஷயம், ஆனால் அது சுலபமான பாதி. புதுத் தடத்தில் முதல் மூன்று விநாடியை ஓரளவு சூட்டிப்பான எந்தப் பையனும் குறைப்பான்: பாதை மனப்பாடம் ஆகும், கியர் எங்கே மாற்றுவது என்று பழகும். மிச்சம் இருக்கிற அந்த இரண்டே முக்கால் விநாடியில்தான் ரேஸர் யார் என்று தெரியும். அதில் கடைசி ஒன்றரை விநாடியை மூன்று வருடம் துரத்தியும் பிடிக்க முடியாமல் நின்றவர்களை எனக்குத் தெரியும், அவர்களில் தேசிய அளவில் ஜெயித்தவர்களும் உண்டு. உங்கள் பையன் எந்த வகை என்று ஒரு ரவுண்டை வைத்து நானோ வேறு யாரோ சொல்ல முடியாது. சொல்கிறேன் என்று யாராவது வந்தால், அவர் கையில் என்ன பில் இருக்கிறது என்று பாருங்கள்.

வண்டி சமமானதா என்பதும் சந்தேகம்தான். நேரத்தாளோடு உச்ச வேகப் பட்டியல் ஒன்றும் தருவார்கள். அதே மாடல் வண்டியைவிட அவனுடையது நேர்பாதையில் ஐந்தாறு கிலோமீட்டர் குறைவாகக் காட்டினால் இரண்டு காரணம் இருக்கலாம்: வாடகைக்கு வந்த எஞ்சின் களைத்தது, அல்லது நேர்பாதைக்கு முந்தைய வளைவிலிருந்து அவன் ஆக்சிலரேட்டரைத் தாமதமாகத் திறக்கிறான். முதலாவது டீமின் குறை, இரண்டாவது அவனுடையது. தடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்த நேரங்களைப் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, இதை யாரும் எழுத மாட்டார்கள். பிட்டுக்கு வந்ததும் பையன் மெக்கானிக்கிடம் என்ன சொன்னான்? "வண்டி சரியில்லண்ணே" என்றால் மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது. "நாலாவது வளைவுல பிரேக்கை விட்ட உடனே முன்பக்கம் சட்டுன்னு எழும்புது, வண்டி வெளியே தள்ளுது" என்றால் முன்சக்கர ஷாக் அப்சார்பரான ஃபோர்க்கில் அரைத் திருகு போதும், அடுத்த பயிற்சியில் அரை விநாடி கிடைக்கும். வெளிநாட்டு டீமில் இதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்துப் பையன்கள் தடுமாறுவது வளைவில் இல்லை, இங்கேதான். நல்ல இங்கிலீஷ் தேவையே இல்லை, பிரேக், நுழைவு, நடு, வெளியேற்றம் என்று ஒவ்வொரு வளைவையும் நாலாகப் பிரித்துச் சொல்லப் பழகினால் போதும். காசு செலவில்லாமல் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய பயிற்சி இது.

இப்போது நிலம். என் பதில்: வைக்க வேண்டாம். திறமை இல்லை என்பதால் சொல்லவில்லை, முழு சீசன் இன்னும் அவனுக்குத் தேவையில்லை என்பதால் சொல்கிறேன். ஒரு சீசன் என்றால் நுழைவுக் கட்டணம், வண்டி வாடகை, டயர், டிக்கெட்டோடு முடிவதில்லை. ஒவ்வொரு விழுதலுக்கும் தனியாக ஒரு பில் வரும், எத்தனை முறை விழுவான் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. குறுவைக்குத் தண்ணீர் வருமா வராதா என்று மேட்டூரைப் பார்த்துக் கணக்குப் போடத் தெரிந்த உங்களுக்கே இந்தக் கணக்கு நிற்காது. அதற்குப் பதில், உள்நாட்டில் எல்லோருக்கும் ஒரே வண்டி தரும் போட்டிகளில் ஒரு வருடம் முழுசாக ஓட்டட்டும். ஹோண்டா டேலண்ட் கப் அப்படி ஒன்று. ஆசிய அளவில் டிவிஎஸ் ஒரே வண்டிப் போட்டி 2022 முதல் நடக்கிறது, எல்லாருக்கும் அப்பாச்சி ஆர்ஆர்310. அங்கே தோற்றால் வண்டி மேல் பழி போட முடியாது, ஜெயித்தால் கம்பெனி டீம் ஆட்கள் கண்ணில் படாமலும் இருக்காது. இவற்றில் தேர்வுக்கு வயது வரம்பு உண்டு, வருடா வருடம் மாறும், கட்டணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். அதோடு அதே புரிராமுக்கு இன்னும் ஒரே ஒரு முறை போகட்டும். தெரிந்த தடத்தில் இரண்டாவது முறை போகும்போது இடைவெளி 2.7-லிருந்து ஒன்றரைக்கு வந்தால் மறுபடி பேசுவோம். இரண்டரையிலேயே நின்றால் அதுவும் ஒரு பதில்தான்.

எந்த டீமோடு போனாலும் எழுத்தில் வாங்க வேண்டியது: விழுந்தால் சேதத்துக்கு யார் பொறுப்பு, எவ்வளவு வரை, லைசென்ஸோடு வரும் காப்பீடு வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கும் அங்கிருந்து கொண்டுவரும் செலவுக்கும் செல்லுமா, பாதியில் டீம் விலகினால் கட்டிய பணம் என்னவாகும். வாய்ப்பேச்சில் நம்பிக் கையெழுத்துப் போட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கடன் கட்டி முடிக்கும்போது பையன் ரேஸையே விட்டிருப்பான்.

ஆபத்தைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒரு வரிகூட இல்லை. அக்கா என்ன நினைக்கிறார் என்றும் எழுதவில்லை. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையிலேயே தேசியப் போட்டியில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்து இறந்தான். 2021-இல் ஐரோப்பாவில் ஒரே வருடத்தில் மூன்று இளம் ரேஸர்கள் இறந்த பிறகுதான் மோட்டோ3 உலகப் போட்டிக்குக் குறைந்தபட்ச வயதை 18 ஆக்கினார்கள், 2023 முதல். ஏர்பேக் உள்ள லெதர் சூட், நல்ல ஹெல்மெட் இரண்டிலும் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள். நிலத்தைப் பற்றி முடிவெடுக்கும் பேச்சில் அக்காவும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

டெல்டாவில் இருந்துகொண்டு என்ன பயிற்சி செய்வது என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். தடம் என்று பார்த்தால் இருங்காட்டுக்கோட்டை உங்களிடமிருந்து சுமார் 300 கிலோமீட்டர். மன்னை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் சென்னை, அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் நம் மண்ணில் ஒரு வசதி உண்டு. சம்பா அறுத்து, உளுந்து பறித்த பிறகு வயல் கல்லு மாதிரி இறுகிக் கிடக்கும், ஜூனில் தண்ணீர் விடும் வரை சும்மாதான் இருக்கும். சொந்த வயலில் பழைய 100 சிசி வண்டியை வைத்து, இரண்டு டயரை நட்டு, நீள்வட்டமாகச் சுற்றட்டும். பின்சக்கரம் வழுக்குவதையும் முன்சக்கரம் வழுக்குவதையும் மெதுவான வேகத்தில் உடம்புக்குப் பழக்கும் வேலை இது; ரோஸி தன் ஊர் தவுலியாவில் மண் தடம் போட்டு இளம் ரேஸர்களை ஓட்டவிடுவதும் இதற்காகத்தான். ஹெல்மெட், பூட்ஸ், முழங்கால் கவசம் எல்லாம் போட்டுத்தான் ஏற வேண்டும். வரப்பு ஓரம் நெருங்கக் கூடாது, பக்கத்து வயலில் உளுந்து நிற்கும்போது இந்த வேலையே வேண்டாம், சண்டை வரும். வெண்ணாற்றங்கரை ரோட்டில் வளைவு பழகுகிறேன் என்று கிளம்பினால் மட்டும் சாவியைப் பிடுங்கி வையுங்கள். பாதி ரோட்டில் நெல் காயும், மீதியில் மாடு நிற்கும்.

இரண்டாவது ரேஸில் அவன் முடித்த இரண்டு லேப்பின் நேரமும் அந்த உச்ச வேகப் பட்டியலும் கிடைத்தால் படம் எடுத்துப் போடுங்கள். வண்டியா, வளைவா என்று பார்த்துச் சொல்கிறேன்.